போட்டோவைப் பார்த்து நண்பரின் முகத்தை ஆயில் பெயின்டில் வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சிலில் ஓரளவு முகம் வரையத் தெரிந்து, முதல் முறையாக ஆயில் பெயின்டை எடுக்கிறவர்களுக்காக இந்தப் பக்கம். அளவுகள் எல்லாம் 12×16 இன்ச் கேன்வாஸில், தலையும் தோளும் தெரியும் படத்தை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை.

எந்த போட்டோ வரைவதற்கு ஏற்றது?

ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்த போட்டோ. ஜன்னலோரம் அல்லது திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது எடுத்தது என்றால் நல்லது. ஒரு கன்னம் வெளிச்சத்திலும் மறு கன்னம் நிழலிலும் இருந்தால், மூக்கின் உயரம், கண்குழியின் ஆழம், தாடையின் கோணம் எல்லாம் நிழலின் வடிவமாகவே எழுதிவைத்த மாதிரி கிடைக்கும். பிளாஷ் போட்டு எடுத்ததில் அது எதுவும் இருக்காது. முகம் தட்டையாக இருக்கும், நெற்றியிலும் மூக்கு நுனியிலும் எண்ணெய் வழிகிற மாதிரி வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும்.

பாஸ்போர்ட் போட்டோ மாதிரி நேராகப் பார்க்கும் படத்தையும் தவிர்க்கலாம். அதை வரைந்து சட்டம் போட்டால், மாலை மாட்டக் காத்திருக்கிற படம் போல ஆகிவிடும். உயிரோடு இருக்கிற நண்பருக்கு அது வேண்டாமே! தலை லேசாகத் திரும்பி, தூரத்துக் காது பாதி மறைந்திருந்தால் போதும்.

பியூட்டி ஃபில்டர் போட்டது, வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்தது இரண்டும் வேண்டாம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும், ஃபில்டர் தோலின் மடிப்பைத் துடைத்துவிடும். மூல ஃபைலை ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள்.

செல்ஃபி இருக்கிறது, அதைப் பார்த்து வரையலாமா?

வரையலாம். ஆனால் அதில் இரண்டு பொய்கள் இருக்கும். முதலாவது, கை நீளத் தூரத்தில் கேமரா இருப்பதால் மூக்கு பெரிதாகும், காது பின்னுக்குப் போய்ச் சிறுக்கும். லென்ஸுக்கு 50 சென்டிமீட்டர் தூரத்தில் மூக்கு நுனி இருந்தால், காது அதைவிடப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் பின்னால். அந்தக் குறுகிய தூரத்தில் இது பெரிய வித்தியாசம். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அதே வித்தியாசம் ஒன்றுமில்லை.

இரண்டாவது, பல போன்கள் செல்ஃபியைக் கண்ணாடி பிம்பமாகவே சேமிக்கும். மூக்குத்தி, மச்சம், வகிடு எல்லாம் பக்கம் மாறிவிடும். அவருடைய அம்மா பார்த்த உடனே சொல்லிவிடுவார். ஆண்கள் சட்டையின் பை, போட்டிருப்பவரின் இடது மார்பில் இருக்கும். போட்டோவில் அது மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். ‘ஃபிளிப்’ செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

நானே போட்டோ எடுப்பதாக இருந்தால்?

இரண்டு மீட்டர் தள்ளி நின்று, போனில் 2 மடங்கு ஜூம் வைத்து, அவருடைய கண் உயரத்தில் போனைப் பிடியுங்கள். அறை விளக்குகளை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சம் மட்டும் வரட்டும். முகத்தின் வெளிச்சப் பகுதியைத் தொட்டு எக்ஸ்போஷரை அமைத்து ஒரு படம், நிழல் பகுதியைத் தொட்டு இன்னொரு படம் எடுங்கள். நிழலுக்குள் என்ன இருக்கிறது என்பதை இரண்டாவது படம் காட்டும். போன் போட்டோவில் நிழல் ஒன்று மொத்தமாகக் கறுத்திருக்கும், இல்லையென்றால் போனே அதைச் செயற்கையாக வெளிச்சமாக்கியிருக்கும். நேரில் பார்க்கும் கண்ணுக்கு இரண்டுமே அப்படித் தெரியாது.

கண், காது, கை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கிட்டத்தில் எடுத்து வையுங்கள். அளவுக்கு அல்ல, அமைப்பைப் புரிந்துகொள்ள.

என்னென்ன கலர் வாங்க வேண்டும்?

பன்னிரண்டு கலர் பெட்டி தேவையில்லை. டியூப்பாக ஆறு போதும்: டைட்டானியம் ஒயிட், எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன் புளூ, ஒரு சிவப்பு (காட்மியம் ரெட் லைட் அல்லது வெர்மில்லியன் ஹ்யூ), பர்மனென்ட் அலிசரின். வெள்ளை மட்டும் பெரிய டியூப்பாக இருக்கட்டும். மற்றவை தீர்வதற்குள் அது இரண்டு முறை தீர்ந்துவிடும்.

சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரில் வழங்கும் பேலட்டில் நாலே கலர்தான்: வெள்ளை, எல்லோ ஓக்கர், வெர்மில்லியன், ஐவரி பிளாக். அந்தக் கறுப்பில் வெள்ளை கலந்தால் நீலம் மாதிரி நடந்துகொள்ளும். முதல் படத்துக்கு இந்த நாலை மட்டும் வைத்துப் பழகுவதும் நல்ல வழிதான். நீலப் புடவையோ பச்சைச் சட்டையோ இருந்தால் மட்டும் அது கைவிட்டுவிடும்.

டியூப்பின் பின்னால் நிறமிக் குறியீடு இருக்கும், அதைப் பாருங்கள். பழைய அலிசரின் கிரிம்சன் (பிஆர் 83) வெளிச்சத்தில் வெளுக்கும். கன்னத்துச் சிவப்புக்கு அதை மெல்லிசாகப் பூசினால் சில வருஷங்களில் கன்னம் சோகை பிடித்த மாதிரி ஆகும். ‘பர்மனென்ட்’ என்று போட்டிருப்பதை எடுங்கள். சிங்க் ஒயிட்டும் வேண்டாம், காய்ந்தபின் நொறுங்கும் தன்மை அதற்கு உண்டு.

கேன்வாஸ், பிரஷ்?

ஏற்கெனவே ஜெஸ்ஸோ (பெயின்டுக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) பூசிய காட்டன் கேன்வாஸ் போதும். கடையில் வாங்கியதன் மேல் இன்னும் ஒரு கோட் ஜெஸ்ஸோ அடித்து, காய்ந்ததும் 220-ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். முகத்துக்கு நெசவின் முரட்டுத்தனம் இடைஞ்சல். கண்ணிமையின் கோடு ஒவ்வொரு நூலிலும் தடுக்கிக்கொண்டே போகும்.

12×16 வாங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான போன் போட்டோ 3-க்கு 4 விகிதம். 12×16-ம் அதே விகிதம். வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே பொருந்தும்.

பிரஷ்: பன்றி முடி ஃபில்பர்ட் (தட்டையாக, நுனி வளைந்திருப்பது) 8, 6, 4, மிருதுவான சிந்தெடிக் 4, 2, கண்ணுக்கு ஒரு ரவுண்ட் 1. ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் சின்ன பிரஷ்ஷை நோக்கியே ஓடுவார்கள். முதல் இரண்டு நாள் 6-க்குக் கீழ் எதையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை வராது.

லின்சீட் ஆயில் தீர்ந்துவிட்டது. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் கலக்கலாமா? டர்பன்டைனுக்குப் பதில் மண்ணெண்ணெய்?

கூடாது. ஆயில் பெயின்ட் காய்வது தண்ணீர் ஆவியாகிற மாதிரி அல்ல. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகிப் படலமாகிறது. ஆளிவிதை எண்ணெய், அதாவது லின்சீட் ஆயில், அப்படி இறுகும். வால்நட், பாப்பி எண்ணெயும் இறுகும். தேங்காய் எண்ணெய் எத்தனை வருஷம் ஆனாலும் இறுகாது, நல்லெண்ணெய் உருப்படியாக இறுகாது. படம் பிசுபிசுவென்றே இருந்து தூசியை எல்லாம் இழுத்து ஒட்டிக்கொள்ளும். ஹார்டுவேர் கடையில் மரச்சாமானுக்கு விற்கும் ‘பாய்ல்ட்’ லின்சீட் சீக்கிரம் காயும், ஆனால் பழுத்துக் கறுக்கும்.

மண்ணெண்ணெய் எண்ணெய்ப் பசையை விட்டுவிட்டுப் போகும். வேலை முடிந்து பிரஷ்ஷை முதலில் அலச வேண்டுமானால் அது உதவும், பிறகு சோப்பு போட்டுக் கழுவிவிட வேண்டும். கலரில் மட்டும் சேர்க்காதீர்கள்.

போட்டோவை கேன்வாஸுக்கு எப்படி மாற்றுவது? கட்டம் போட்டால் ஏமாற்று வேலையா?

இல்லை. சுவர் விளம்பரம் எழுதியவர்களும் பேனர் ஓவியர்களும் கட்டம் போட்டுத்தான் ஆளுயர முகங்களை ஏற்றினார்கள்.

போட்டோவை 6×8 இன்ச்சில் மேட் பேப்பரில் பிரின்ட் எடுங்கள். பிரின்ட்டில் ஒரு இன்ச் கட்டம், கேன்வாஸில் இரண்டு இன்ச் கட்டம், மொத்தம் 48. முகம் இருக்கும் கட்டங்களை மட்டும் குறுக்கே ஒரு கோடு போட்டு இன்னும் பிரித்துக்கொள்ளலாம். உச்சியிலிருந்து தாடை வரை கேன்வாஸில் சுமார் 7 இன்ச் வருமாறு போட்டோவை முதலிலேயே வெட்டிக்கொள்ளுங்கள். பெரியவர்களின் தலை ஏறக்குறைய 9 இன்ச் உயரம் இருக்கும். படத்தில் அதைவிடக் கொஞ்சம் சிறிதாக இருந்தால்தான் இயல்பாகத் தெரியும், நிஜ அளவைத் தாண்டினால் கட்அவுட் ஞாபகம்தான் வரும்.

கட்டத்தைப் பென்சிலில் அழுத்திப் போடாதீர்கள். மெல்லிய பூச்சின் அடியிலிருந்து பென்சில் கரி பின்னாளில் மேலே தெரியும். கரிக்கோலில் லேசாகப் போட்டு, பர்ன்ட் சியன்னாவில் ஒரு துளி அல்ட்ராமரைன் சேர்த்து டர்பன்டைனில் கரைத்து, முக்கியமான கோடுகளை மட்டும் பிரஷ்ஷால் பதியவைத்துவிட்டு, கரியைத் துணியால் தட்டிவிடுங்கள்.

ஒரு சோதனை: கண் இருக்கும் கோடு உச்சிக்கும் தாடைக்கும் சரிபாதியில் வர வேண்டும். தலை நேராக இருக்கும் போட்டோவில் கண் அதற்கு மேலே போயிருந்தால், மண்டையின் மேல்பகுதியை நறுக்கிவிட்டீர்கள். இதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. முடியை அலட்சியமாக விட்டுவிட்டு முகத்தை இழுத்துவிடுகிறோம்.

முதல் பூச்சு எப்படிப் போடுவது?

வெள்ளை கேன்வாஸில் நேராக நிறத்தைத் தொடங்கினால் எல்லா நிறமும் கறுப்பாகத் தோன்றும், பயந்துபோய் வெளிறவே கலப்பீர்கள். ஆகவே பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் தண்ணியாகக் கரைத்து கேன்வாஸ் முழுக்கத் தேய்த்து, துணியால் துடைத்து, இளஞ்செம்மண் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அது ஈரமாக இருக்கும்போதே நிழல்களை மட்டும் வையுங்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு போட்டோவைப் பாருங்கள். இமை முடியும் உதட்டுக் கோடும் மறைந்து, இரண்டு மூன்று பெரிய நிழல் தீவுகள் மிஞ்சும்: கண்குழிகள் இரண்டும் மூக்கடியோடு சேர்ந்த ஒரு தீவு, தாடைக்குக் கீழே கழுத்தில் ஒன்று, முடி ஒன்று. அந்தத் தீவுகளின் கரை சரியாக வந்துவிட்டால், கண்ணே வரையாத அந்த நிலையிலேயே ஆள் யாரென்று தெரியும். தெரியவில்லை என்றால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். கண்ணை அழகாக வரைந்து சரிக்கட்டலாம் என்று மேலே போனால், அழகான கண்ணோடு வேறு யாரோ வந்து உட்கார்ந்திருப்பார்.

பர்ன்ட் அம்பர் இருந்தால் இந்தப் பூச்சுக்கு அதைப் பயன்படுத்தலாம். அதிலுள்ள மாங்கனீஸ் சீக்கிரம் காயவைக்கும், மெல்லிய பூச்சு ஒன்றிரண்டு நாளில் தயார்.

மாநிறம், கறுப்பு நிறத் தோலை எப்படிக் கலப்பது? ‘ஸ்கின் டோன்’ டியூப் வாங்கலாமா?

வாங்காதீர்கள். ‘ஃபிளெஷ் டின்ட்’ என்று விற்பது பெரும்பாலும் வெள்ளைக்காரத் தோலை நினைத்துச் செய்த இளஞ்சிவப்பு.

மாநிறத்துக்கு ஒரு தொடக்கக் கலவை: பர்ன்ட் சியன்னா 2 பங்கு, எல்லோ ஓக்கர் 1 பங்கு, வெள்ளை 1 பங்கு, அல்ட்ராமரைன் ஒரு பயறு அளவு. இதைப் பேலட் கத்தியால் ஒரு எலுமிச்சை அளவுக்குக் கலந்து நடுவில் வையுங்கள். இதிலிருந்து கிள்ளிக் கிள்ளி மற்றதைச் செய்யலாம். வெளிச்சப் பக்கத்துக்கு ஓக்கரும் வெள்ளையும் கூட்டுங்கள். கன்னம், மூக்கு நுனி, காதுக்குச் சிவப்பு. மீசை மழித்த இடத்துக்கும் தாடைக்கும் ஒரு துளி நீலம். நிழலுக்கு வெள்ளையே இல்லாமல் பர்ன்ட் சியன்னா, அலிசரின், அல்ட்ராமரைன். இன்னும் கறுத்த தோலுக்கு வெள்ளையைப் பாதியாகக் குறைத்து அலிசரினைக் கூட்டுங்கள்.

கறுத்த தோலில் கவனிக்க வேண்டியது பளபளப்பு. வெளிர் தோலைவிட அதில் ஒளிர்புள்ளி தெளிவாகத் தெரியும். அதன் நிறம் தோலுடையது அல்ல, ஜன்னலுடையது. பகல் வெளிச்சத்தில் நெற்றியின் மினுமினுப்பு நீலம் கலந்த சாம்பலாக இருக்கும். அங்கே மஞ்சளைக் கூட்டினால் வேர்வை மாதிரி ஆகிவிடும். 2021-ல் மறைந்த ஓவியர் இளையராஜாவின் கிராமத்துப் பெண்களின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுத்த தோலுக்குள் எத்தனை நிறம் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் நம்மிடம் அதிகம் இல்லை.

நண்பரை இரண்டு ஷேடு வெளுப்பாக்குவது மரியாதை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாண ஆல்பக்காரர்கள் செய்யும் வேலை அது. வெளுத்ததும் ஜாடை போய்விடும்.

முகம் மாவு பூசிய மாதிரி வருகிறது. ஏன்?

வெளிச்சமாக்க வெறும் வெள்ளையை மட்டும் சேர்த்ததால். வெள்ளை, நிறத்தை வெளிறச் செய்வதோடு குளிர்ச்சியாகவும் ஆக்கிவிடும். ஒவ்வொரு முறை வெள்ளை சேர்க்கும்போதும் கூடவே கொஞ்சம் ஓக்கரோ சிவப்போ சேருங்கள். நிழலில் வெள்ளை நுழைந்திருந்தால் அதைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போடுவதே மேல்.

கண் உயிரோடு வர என்ன செய்வது?

வெண்விழியில் வெள்ளை போடாதீர்கள். அது ஒரு உருண்டை, அதன் மேல் இமையின் நிழல் விழுகிறது. மேல்பாதி சாம்பல், ஓரம் கொஞ்சம் சிவப்பு. தோலின் நடுக்கலவையில் வெள்ளையும் துளி நீலமும் சேர்த்தால் கிடைக்கும் சாம்பலே போதும். கருவிழி முழு வட்டமாகத் தெரியக் கூடாது, மேல் இமை அதன் உச்சியை மறைக்கும். முழு வட்டம் போட்டால் நண்பர் திடுக்கிட்டவர் போல் முழிப்பார்.

இமைக்கு ஒரு தடிமன் உண்டு. கீழ் இமையில், இமைமுடி முளைக்கும் விளிம்புக்கும் விழிக்கும் நடுவே மெல்லிய ஈரமான மேடை இருக்கும், வெளிச்சம் அங்கே தங்கும். அந்த ஒரு மில்லிமீட்டரைப் போட்டதும் விழி குழிக்குள் போய் உட்காரும். இமைமுடியை ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம், மேல் இமையின் அடிக்கோட்டைக் கறுப்பாக்கினால் முடி இருப்பதாகவே தெரியும். கடைசியாக வெளிச்சப் புள்ளி: இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம், ஒன்று இன்னொன்றைவிடச் சற்று மங்கல்.

பல் தெரியச் சிரிக்கும் போட்டோதான் இருக்கிறது.

முடிந்தால் வேறு போட்டோ கேளுங்கள். போட்டோவில் சிரிப்பு ஒரு நொடி. படத்தில் அது ஆண்டுக்கணக்கில் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். வேறு வழியில்லை என்றால் பற்களை ஒரே வெளிர்சாம்பல் பட்டையாகப் போட்டு, நடு இரண்டுக்கு மட்டும் ஒரு தொடுதல் வெளிச்சம் கொடுங்கள். பற்களுக்கு நடுவே கோடு இழுக்கவே கூடாது, சோளக்கதிர் ஆகிவிடும்.

முடி, நகை, கண்ணாடி?

முடியை ஒரே கறுப்புத் திரளாகப் போட்டு, நெற்றி ஓரத்தை மட்டும் ஈரத்தில் தேய்த்து மிருதுவாக்குங்கள். தங்கத்துக்கு எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, ஒரே ஒரு கெட்டியான வெளிர்மஞ்சள் புள்ளி. மூக்குக்கண்ணாடி முகத்தை முழுக்க முடித்துக் காய்ந்தபின்.

எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆள் வரவில்லை. என்ன செய்வது?

மூன்று மீட்டர் தள்ளி நின்று, கைக்கண்ணாடியில் படத்தைத் திருப்பிப் பாருங்கள். கோணல் உடனே தெரியும். அப்புறம் படத்தையும் போட்டோவையும் தலைகீழாக்கிப் பாருங்கள். இரண்டையும் போனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்டாம்ப் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பதும் நல்லது.

குற்றவாளி பெரும்பாலும் கண் அல்ல. மூக்கடிக்கும் மேலுதட்டுக்கும் உள்ள தூரம், கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, தாடையின் அகலம், இந்த மூன்றையும் முதலில் அளந்து பாருங்கள். அந்தத் தூரங்களில் 3 மில்லிமீட்டர் பிசகினாலே ஆள் அண்ணனாகவோ சித்தப்பாவாகவோ மாறிவிடுவார்.

போட்டோவோடு ஒத்துப்போயும் ஆள் வரவில்லை என்றால் தப்பு போட்டோவில். அந்த நொடியில் அவர் அவராக இல்லை. நண்பரை வரைவதில் உள்ள வசதியே இங்கேதான். அவர் ஒரு புருவத்தைத் தூக்குவார், உதட்டின் ஒரு ஓரம் கீழே இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். போட்டோவை விட்டுவிட்டுத் தெரிந்ததைப் போடுங்கள்.

சில இடம் மங்கியும் சில இடம் பளபளப்பாகவும் காய்ந்திருக்கிறது. விரிசலும் விடுமா?

மங்கியது, அடிப்பூச்சு எண்ணெயை உறிஞ்சிக்கொண்டதால். பூச்சு தொட்டால் ஒட்டாமல் காய்ந்ததும், லின்சீட் ஆயிலையும் டர்பன்டைனையும் சமமாகக் கலந்து, விரலால் மிக மெல்லிசாகத் தடவி, பஞ்சு வராத துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். உண்மை நிறம் திரும்பி வரும், அதன் மேலேயே அடுத்த பூச்சைத் தொடரலாம்.

விரிசலுக்குக் காரணம் வேறு. அடியில் எண்ணெய் அதிகம், மேலே குறைவு என்றால் மேல்பூச்சு முதலில் இறுகிவிடும், அடியில் உள்ளது அப்புறமும் நகரும். ஆகவே முதல் பூச்சில் டர்பன்டைன் மட்டும், இரண்டாவதில் டியூப்பிலிருந்து வருவது அப்படியே, மூன்றாவதிலிருந்து சில துளி எண்ணெய். ஆயில் பெயின்டின் மேல் அக்ரிலிக் போடக் கூடாது. அக்ரிலிக்கின் மேல் ஆயில் போடலாம்.

எத்தனை நாள் ஆகும்? மழைக்காலத்தில் காயவே மாட்டேன் என்கிறதே?

இரண்டு மூன்று மணி நேரமாக ஐந்து முறை உட்கார்ந்தால் முடியும். நடுவே காயும் நாட்களையும் சேர்த்து மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாள் பரிசென்றால் ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். டைட்டானியம் ஒயிட்டும் அலிசரினும் மெதுவாகக் காயும், ஐப்பசி கார்த்திகையில் இன்னும் மெதுவாக. ஃபேன் காற்றுள்ள, வெளிச்சமான அறையில் வையுங்கள். பீரோவுக்குள் இருட்டில் வைத்தால் லின்சீட் மஞ்சளடிக்கும், வெளிச்சத்தில் வைத்ததும் பெரும்பாலும் தெளியும். ஈரச் சுவரில் ஒட்டச் சாய்க்காதீர்கள், கேன்வாஸின் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும்.

டர்பன்டைன் வாசனை, துணிகள்: ஏதாவது ஆபத்து உண்டா?

உண்டு, துணியைத்தான் பெரும்பாலானவர்கள் அலட்சியம் செய்கிறார்கள். லின்சீட் ஆயில் ஊறிய துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால், எண்ணெய் இறுகும்போது உண்டாகும் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவைத்த பின்பே போடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், டர்பன்டைன் டப்பாவை மூடி வையுங்கள். காட்மியம் கலரைக் கையால் தேய்க்காதீர்கள், வேலைக்கு நடுவே முறுக்கு சாப்பிடுவதும் வேண்டாம்.

நண்பர் இப்போது இல்லை. ஒரு பழைய கறுப்பு வெள்ளை போட்டோ மட்டும் இருக்கிறது.

ஸ்கேன் செய்து 6×8-க்குப் பெரிதாக்குங்கள், ஆனால் ‘ஏஐ’ மெருகேற்றலை நம்பாதீர்கள். அது இல்லாத கண்ணையும் பல்லையும் தானே கற்பித்து ஒட்டும். முகம் முழுவதையும் முதலில் பழுப்பிலேயே முடித்து, காய்ந்தபின் நிறத்தை மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள். நிறத்துக்கு அவருடைய கூடப்பிறந்தவர் யாரையாவது அதே மாதிரி வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்க்கலாம். மங்கிய இடத்தைத் தெளிவாக்க முயலாமல் நிழலிலேயே விட்டுவிடுங்கள்.

வார்னிஷ் எப்போது? ஊருக்கு எப்படி அனுப்புவது?

வழக்கமான வார்னிஷ் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் கழித்து. அதற்குள் கொடுக்க வேண்டுமென்றால் ரீடச் வார்னிஷ், அதாவது முழுதாகக் காயாத படத்துக்குப் பூசும் தற்காலிக வார்னிஷ், ஒரு மெல்லிய கோட். சட்டத்துக்குக் கண்ணாடி வேண்டியதில்லை.

அனுப்பும்போது பபிள் ரேப்பை நேராகப் படத்தின் மேல் சுற்றாதீர்கள். முழுதாக இறுகாத பெயின்டில், குறிப்பாகப் பேருந்து பார்சலின் வெயில் சூட்டில், வட்ட வட்டமாகத் தடம் விழும். நாலு மூலையிலும் அட்டை முக்கோணம் வைத்து, அதன் மேல் ஒரு அட்டைப் பலகையைக் கட்டி, பெயின்டில் எதுவும் படாதபடி இடைவெளி விட்டு, அதற்கும் வெளியே பபிள் ரேப். பின்பக்கம் பெயர், தேதி, பயன்படுத்திய கலர்களை எழுதி வையுங்கள். என்றைக்காவது கீறல் விழுந்து சரிசெய்யும்போது எந்த டியூப்பை எடுப்பது என்று திண்டாட வேண்டியிருக்காது.